மழை நாளும் மணப்பெண்ணின் படமும்



முன்பெல்லாம் கலியாண வீட்டில் படம் பிடிப்பது அரை மணி நேர வேலை. கெமராக்காரர் வருவார். முப்பத்தாறு படம் எடுக்கக்கூடிய ஒரு பிலிம் சுருள், கூடினால் இரண்டு. மணப்பெண்ணைச் சுவரோரமாகக் கதிரையில் இருத்தி, பின்னால் ஒரு திரைச்சீலை கட்டி, உம்மாவும் மாமியும் இரு பக்கமும் நிற்க, கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். வெளியே மழை பெய்ததா, வெயில் எறித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அப்படியில்லை. தெஹியோவிட்டப் பக்கம் கலியாணம் என்றால் மணமக்கள் தேயிலை மலையில் ஏற வேண்டும், இறப்பர் மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும், ஆற்றோரக் கல்லில் அமர வேண்டும். வெளியூரிலிருந்தும் இதற்காகவே வேன் பிடித்து வருகிறார்கள். இதெல்லாம் தேவைதானா என்ற கேள்வியை வீட்டுப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். போவது என்று முடிவாகிவிட்ட வீட்டுக்கு வருகிற அடுத்த கவலை வானம். அலங்காரத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, உடுப்பு வாடகைக்கு எடுத்தாயிற்று, கெமராக்காரருக்கு முற்பணம் போயாயிற்று. நாலு மணிக்கு மலைக்குப் போக வேண்டும். இரண்டரைக்கே வானம் கறுத்து நிற்கிறது. அழுதுகொண்டு நிற்கும் மணப்பெண்ணைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

சப்ரகமுவ மழைக்குப் பேர்போன மாகாணம். ஈர வலயம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் பகுதி, அதற்குள்தான் நம் ஊர்கள் இருக்கின்றன. மலையின் மேற்குச் சரிவில் சில இடங்களில் அது 5000 மில்லிமீற்றரையும் தாண்டும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அது ஓய்ந்தால் ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை. மார்ச், ஏப்ரலிலும் அதே கதை. கொஞ்சம் நம்பக்கூடியது ஜனவரியும் பெப்ரவரியும்தான். ஆனால் மழை இல்லாத மாதம் பார்த்தா கலியாணம் வைக்க முடிகிறது? மாப்பிள்ளைக்குக் கட்டாரில் எப்போது லீவு கிடைக்கிறதோ, மண்டபம் எப்போது காலியாக இருக்கிறதோ, அப்போதுதான் கலியாணம்.

வெளியிடத்தில் படம் எடுக்கப் போய் வானிலையோடு மல்லுக்கு நிற்கும் தொல்லை நம் நாட்டில் இன்று நேற்று வந்ததல்ல. அதில் முதலில் அகப்பட்டுக்கொண்டவர்களில் இரண்டு பெண்மணிகள் இருக்கிறார்கள்.

1877ஆம் ஆண்டு ஜனவரி மாதம். களுத்துறையில் ஒரு வீடு. வீட்டுக்காரி ஜூலியா மார்கரெட் கமரன். கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கெமராவைக் கையில் எடுத்து, இங்கிலாந்தின் கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் படம் பிடித்துப் பெயர் பெற்றவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே வந்து குடியேறினார். அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் மரியான் நோர்த். உலகம் முழுதும் தனியே சுற்றிச் செடி கொடிகளை ஓவியமாகத் தீட்டியவர். அவருடைய எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் லண்டன் கியூ பூங்காவில் அவர் பெயரிலேயே அமைந்த மண்டபத்தில் இருக்கின்றன.

விருந்தாளி வந்தால் கமரன் அம்மையார் விடுவாரா? கம்பளித் துணியைப் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். நேரமோ உச்சி வெயில் நேரம். காற்றில் ஓலை அசைய அசைய, வெயில் கண்ணில் விழுவதும் மறைவதுமாக இருக்கிறது. ஓலை நுனி தலையில் குத்துகிறது. வெப்பமானி 96 பாகை பரனைற் காட்டுகிறது. அந்தக் கோலத்தில் நிற்க வைத்து, முகத்தை மட்டும் இயல்பாக வைத்துக்கொள்ளும்படி சொன்னாராம்! நோர்த் அம்மையார் தமது நினைவுக் குறிப்புகளில் இதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். மலையுச்சியில் குடை ஒரு பக்கம் பறக்க, முந்தானை ஒரு பக்கம் பறக்க, “கொஞ்சம் சிரிங்க ராத்தா” என்று கேட்கிற இன்றைய கெமராத் தம்பிக்கு முன்னோடி யார் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அன்றைய வேலையில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, ஈரம் காயுமுன்னமே இருட்டறையில் கழுவியும் முடிக்க வேண்டும். குளிர் நாட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். நம் நாட்டு வெக்கையில் எவ்வளவு சீக்கிரம் காய்ந்திருக்கும்! சுத்தமான தண்ணீரும் ஏராளமாக வேண்டும். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தவருடைய இலங்கைப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் அவர் டிக்கோயாவில் காலமானார். அடக்கம் பண்ணிய இடம் பொகவந்தலாவை. தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று ஏறும் நம் ஏ7 பாதையில் ஹட்டன் வரை போய், அங்கிருந்து திரும்பினால் அந்த ஊர்.

இதிலே கவனிக்க வேண்டியது, நோர்த் அம்மையாரைப் பாடாய்ப் படுத்தியது மழையல்ல, வெயில். வெளியே படம் எடுக்கப் போகிறவர்கள் மழைக்குத்தான் பயப்படுகிறார்கள். முகத்தைக் கெடுப்பதில் உச்சி வெயிலுக்கு நிகர் வேறில்லை என்பது படம் கையில் வந்த பிறகுதான் தெரிகிறது. மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுகிறது. கண்குழி கறுக்கிறது. கண் தானாகச் சுருங்குகிறது. மரநிழலில் நின்றாலோ இலையிடுக்கால் விழும் வெயில் முகமெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளி குத்துகிறது. வெள்ளை உடுப்பில் எத்தனை நாள் இருந்து கோர்த்த மணி வேலையோ, அது ஒன்றும் தெரியாமல் வெறும் வெள்ளையாகிப் போகிறது.

மேகம் மூடிய வானத்தில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. வெறும் மின்குமிழின் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். சுவரில் விழும் நிழல் கரைந்துபோகும். மேகம் செய்கிற வேலையும் அதுதான். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராக வந்து விழும். தோல் மிருதுவாகத் தெரியும். உடுப்பின் நெசவும் வேலைப்பாடும் தெரியும். அதனால்தான் அனுபவமுள்ள கெமராக்காரர் மேகத்தைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பது நாம்தான்!

ஆனால் ஒன்று. மேக மூட்டத்தில் வானம் மட்டும் சாம்பலும் வெள்ளையுமாகச் செத்துக் கிடக்கும். ஆகவே படத்துக்குள் வானம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலையுச்சியில் நிற்பதைவிட மலையடியில் நின்று, தேயிலைச் சரிவு முழுதும் பின்னால் வரும்படி எடுப்பது நல்லது. மழை பெய்து ஓய்ந்த கையோடு தேயிலை இலைக்கு ஒரு பச்சை வருமே, அது வேறு எந்த நேரத்திலும் கிடைக்காத நிறம். மூடுபனி இறங்கினாலும் பயப்பட வேண்டாம். பின்னால் உள்ள மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப் போவது படத்துக்கு ஒரு ஆழத்தைக் கொடுக்கும். கடும் சிவப்பு, கரும்பச்சை, ஊதா உடுப்புகள் பனியில் எடுப்பாக நிற்கும். வெள்ளை உடுப்பு பனியோடு பனியாகக் கலந்துவிடும். அந்த நேரத்தில் மணப்பெண்ணை இருண்ட மரங்களுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் எடுக்கிறவர்கள் திரையில் முகத்தின் மேல் ஒரு தடவை விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். பனியின் வெள்ளையைப் பார்த்துக் கெமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

இறப்பர் தோட்டத்துக்குள் எடுப்பதில் இன்னொரு சங்கடம். அடர்ந்த இலைக்கூடாரத்தின் கீழே வெளிச்சமே பச்சையாக இருக்கும். மருதாணி போட்ட கை கூட நோயாளி கைபோலத் தெரியும். தோட்டத்தின் நடுவே போகாமல் ஓரமாக, பாதை வெட்டவெளியைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துப்போய், தங்கைமார் இருவர் முகத்துக்கு எதிரே தாழ்வாக விரித்துப் பிடித்தால் பச்சை மங்கி முகம் தெளியும். விலை கொடுத்து வாங்கும் சாமான் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஜனவரி பெப்ரவரியில் இறப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம். இலை செம்பும் மஞ்சளுமாகி விழுந்து நிலமெல்லாம் பாய் விரித்ததுபோல் கிடக்கும். மேலே வெளிச்சமும் தாராளம். லீவுத் திகதி கையில் இருக்கிற வீட்டார் அந்த வாரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மற்ற மாதங்களில் என்ன செய்வது? மாதம் நம் கையில் இல்லாவிட்டாலும் மணி நம் கையில் இருக்கிறதே! ஒக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைக் கேட்டிருப்பீர்கள். சப்ரகமுவ மாகாணத்தில் பிற்பகலில் இடியுடன் மழை என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். காரணம் இதுதான்: காலை வெயிலில் நிலம் சூடாகி, ஈரக் காற்று மலையோரமாக மேலேறி, மதியத்துக்குப் பின் மேகமாகத் திரண்டு கொட்டுகிறது. அப்படியிருக்க நம்மவர்கள் படத்துக்கு நேரம் வைப்பது அஸருக்குப் பின்! மாலை வெயில் பொன்போல இருக்கும் என்று எங்கோ பார்த்திருப்பார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. நம் பக்கத்துக்கு ஸுபஹ் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் உள்ள நேரமே நேரம். அலங்காரத்துக்கு விடியப்புறமே எழும்ப வேண்டுமே என்று முணுமுணுப்பு வரும். வரட்டும். தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கணக்கும் பலிக்காது. அது காலை மாலை பார்த்துப் பெய்கிற மழையல்ல. அப்போது இடைவெளி பார்த்து ஓடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

திணைக்களத்தின் அறிக்கை மாகாணத்துக்குச் சொல்வது. மலைக்கு மலை மழை மாறும் என்பது நமக்குத் தெரியும். இடத்தின் நிலையை அறிய நல்ல ஆள் இறப்பர் பால் வெட்டுகிறவர். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் பட்டையில் வழிந்து வீணாகும். ஆகையால் அவர் ஒவ்வொரு நாளும் விடியலில் வானத்தைப் பார்த்துத்தான் கத்தியை எடுக்கிறார். அந்தத் தோட்டத்தில் மழை எந்த மலைப்பக்கமிருந்து வரும், வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவரைக் கேளுங்கள். படங்கைக் கட்டிக்கொண்டு மழையிலும் கொழுந்தெடுக்கிற தோட்டத்துப் பெண்களைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்கிற சாக்கில் ஒரு வார்த்தை: அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிற மலையில் நாம் படம் எடுக்கப் போகிறோம். முன்கூட்டித் தோட்ட நிருவாகத்திடம் அனுமதி எடுங்கள். அவர்களைக் கேட்காமல் படத்துக்குள் இழுக்கவும் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் தெஹியோவிட்டயில் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம். ஒக்டோபர் மாதம். நாலு மணிக்கு மலையில் படம் என்று திட்டம். மூன்று மணிக்கே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கெமராத் தம்பி வாசலில் நின்று வானத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். மணப்பெண் கண்ணில் தண்ணீர். மூலையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த உம்மும்மா கேட்டார்:

“ஏன் மக, மலைக்கு ஓடணும்? இந்த விறாந்தையில நில்லுங்க. மழ பின்னால பெய்யட்டும்.”

“விறாந்தையில எடுக்கவா உம்மும்மா இவ்வளவு செலவு?” என்று பிள்ளை இன்னும் அழுதது.

தம்பிக்குத்தான் சட்டென்று விளங்கியது. மழைத்தாரை படத்தில் தெரிய வேண்டுமானால் அதன் பின்னால் இருட்டான ஏதாவது இருக்க வேண்டும். வானத்துக்கு எதிரே மழை தெரியாது. அந்த வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய பலாமரம் கரும்பச்சையாக நின்றது. விறாந்தை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே மணப்பெண்ணைப் பக்கவாட்டாக நிறுத்தினார். வெளியிலிருந்து வந்த வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது. பின்னால் பலாமரத்துக்கு எதிரே வெள்ளி நூலாக மழை. உள் விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொன்னார். அது முக்கியம். மஞ்சள் மின்வெளிச்சமும் மழைநாள் வெளிச்சமும் ஒன்றாக விழுந்தால் முகம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் தெரியும். தேயிலை மலைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனார்கள். அதுவும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பெரிதாக்கிச் சட்டம் போட்டது விறாந்தைப் படத்தைத்தான். ஓட்டு வீட்டு விறாந்தை, பழைய தோட்ட பங்களாவின் முகப்பு, பள்ளிக்கூட மண்டபத்துத் தாழ்வாரம், இப்படி ஒரு கூரை எங்கே இருக்கிறது என்று முதலே பார்த்து வைத்துக்கொண்டால் அழுகை மிச்சம்.

குடை பிடித்து எடுக்கிறவர்கள் குடையின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்புக் குடைக்குக் கீழே முகம் சிவக்கும், நீலக் குடைக்குக் கீழே உதடு கறுக்கும். வெள்ளை, அல்லது ஒளி புகும் தெளிந்த குடை நல்லது. கறுப்புக் குடையில் நிறம் மாறாது, ஆனால் முகம் இருளும்.

உடுப்பு விடயத்தில் நம் பெண்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. மெல்லிய பட்டும் சிபொனும் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளேயும் தெரியும். கெமராவுக்கு முன்னால் அது தெரியவந்தால் பிள்ளை கூனிக் குறுகிப் போகும். பிறகு எந்தப் படத்திலும் அந்தச் சங்கடம் முகத்தில் இருக்கும். உள்ளே கனமான பருத்தித் துணி வைத்துத் தைப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு தளர்வான அபாயாவையும் பெரிய சால்வை ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வேனில் வையுங்கள். தூறல் விழுந்தவுடன் போர்த்திவிட ஒரு ராத்தா பக்கத்திலேயே நிற்க வேண்டும். காற்று வீசினால் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிற்பது நல்லது. ஹிஜாபும் முந்தானையும் பின்னால் போகும், முகத்தில் அடிக்காது. தோளில் இரண்டு ஊசி கூடுதலாகக் குத்திக்கொள்ளலாம். நிற்கும் இடத்துக்குப் போகும்வரை றப்பர் செருப்பே போதும். வாடகை உடுப்பின் விளிம்பில் நம் செம்மண் பட்டால் கழுவிப் போகாது என்பதையும், அந்தக் காசை யார் கட்டுவது என்பதையும் நினைவில் வைத்து, விளிம்பைத் தூக்கிப் பொலித்தீனில் கட்டிக்கொண்டு நடங்கள். அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தைக் காய்ச்சலாகப் பூசினால் போதும். உப்புப் பொட்டலம் ஒன்றும் கையில் இருக்கட்டும். மணப்பெண்ணுக்கு அட்டை கடித்து, மாப்பிள்ளை மயங்கி விழுந்த கதை ஒன்றும் எங்கள் ஊரில் உண்டு. அதை இன்னொரு மாதம் சொல்கிறேன்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விடயமல்ல. ஆற்றில் இறங்கிப் படம் எடுக்கும் பழக்கம் கூடிவருகிறது. சீதாவக்க ஆற்றிலும், கித்துல்கலப் பக்கம் களனி கங்கையிலும் நடுக்கல்லில் மணமக்களை ஏற்றி நிறுத்துகிறார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும். மேலே மலையில் பெய்த மழை கொஞ்ச நேரம் கழித்து வெள்ளமாக வந்து சேரும். களனி கங்கையில் மேலே லக்சபான, போல்பிட்டிய போன்ற நீர்மின் நிலையங்களும் இருக்கின்றன. அங்கே நீர் திறந்துவிடும்போது ஒரு துளி மழை இல்லாத நாளிலும் ஆற்று மட்டம் உயரும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, அந்தக் கணமே கரையேற வேண்டும். இன்னும் ஒரே ஒரு படம் என்று கேட்கக்கூடாது. பத்து முழ உடுப்பு தண்ணீர் குடித்தால் என்ன பாரமாகும் என்று துணி துவைக்கிற நமக்குத் தெரியாததா? நீந்தத் தெரிந்த பெண்ணும் அதோடு நீந்த முடியாது.

அதே கித்துல்கலயில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற ஆங்கிலப் படத்துக்காக டேவிட் லீன் என்ற இயக்குநர் களனி கங்கைக்குக் குறுக்கே பெரிய மரப்பாலம் ஒன்றைக் கட்டினார். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றிய கதை அது. அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் படத்தின் கதையில் இல்லை என்பது வேறு வருத்தம். பாலத்தை ரயிலோடு வெடிக்க வைத்துப் படமெடுக்கக் குறித்த நாள் 10 மார்ச் 1957. மே மாதத்து மழை வர இன்னும் காலம் இருந்தது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பிரமுகர்களும் பார்க்க வந்திருந்தார்கள். ரயிலும் புறப்பட்டுவிட்டது. ஆனால் கெமராக்காரர் ஒருவர் இன்னும் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. லீன் வெடிக்க விடவில்லை. ரயில் பாலத்தைக் கடந்தோடி அக்கரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதிச் சேதமானது. அதைத் திருத்தி மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். அந்தப் படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. ஒரே ஒரு தடவைதான் எடுக்கக்கூடிய காட்சி, நாட்டின் பிரதமரே வந்து நிற்கிறார், அப்படியும் ஒரு ஆளுக்காக நிறுத்தினார்கள். நம் வீட்டுப் பிள்ளை நிற்கிற கல்லைச் சுற்றித் தண்ணீர் ஏறும்போது நிறுத்தச் சொல்ல நமக்கு ஏன் வெட்கம்? கெமராத் தம்பி கோபித்துக்கொள்வார் என்றா?

இடிக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் வெளியில் நிற்கக்கூடாது. வீட்டுக்குள்ளோ மூடிய வேனுக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம். உயர்ந்த தனி மரத்தின் கீழ் ஒதுங்குவது, மலைமுகட்டில் குடையோடு நிற்பது இரண்டும் ஆகாது.

மண்சரிவு பற்றி நம் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கிய அன்றே புலத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பும் மண்ணில் புதைந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடெங்கும் என்ன நடந்தது என்பது ஆறாத புண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளில் தெஹியோவிட்ட, தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. மஞ்சள் நிற எச்சரிக்கை வந்தாலே மலைப் படத்தைத் தள்ளிவையுங்கள். செம்மஞ்சளும் சிவப்பும் வந்தால் கலியாணத்துக்கு வருகிற வேன்களையே யோசிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தள்ளிவைப்பதில்தான் காசுச் சண்டை வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மழையால் நின்றுபோன ஒரு பின்னேரத்துக்கு முழுப் பணமும் கட்டி, மறுபடியும் புதிதாக முற்பணம் கட்டி எடுத்தது. ஆகவே முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: மழை வந்தால் என்ன? மாற்று நாள் எது? அன்று மேலதிகப் பணம் உண்டா? போவதா இல்லையா என்பதை யார், எத்தனை மணிக்குள் முடிவு செய்வது? உடுப்பு வாடகைக்காரரிடமும் ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். பேச்சாக விடாமல் பற்றுச்சீட்டின் பின்னாலேயே இரண்டு வரி எழுதி வாங்குங்கள். கெமராக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாளை நமக்காக ஒதுக்கி வேறு வேலையை விட்டிருப்பார். முழுதும் இலவசமாக இன்னொரு நாள் வா என்பதும் நியாயமில்லை.

மழையில் போய்வந்த கெமராவைப் பற்றிக் கொஞ்சம். குளிரூட்டிய வேனிலிருந்து இறங்கியதும் வில்லையில் பனி மூடும். குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே சங்கதி. துடைக்கத் துடைக்க மீண்டும் வரும். இடத்துக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் இருக்கும்போதே குளிரூட்டியை நிறுத்திவிட்டு, பையைத் திறக்காமல் வைத்திருந்தால் சரியாகிவிடும். வீட்டில் சொந்தக் கெமரா வைத்திருப்பவர்கள் அதைத் தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரம் குடிக்கும். நம் ஊர் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குருணையோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் வேண்டாம், அதன் தூள் உள்ளே போய்விடும். குருணையின் நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நீலத்துக்குக் கலக்கும் கோபோல்ட் உப்பு நஞ்சு. சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள்.

அந்தப் பழைய முப்பத்தாறு படங்களும் பெரும்பாலும் நம் வீடுகளில் பசை பூசிய தாளும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட அல்பங்களில்தான் இருக்கின்றன. உம்மாவின் கலியாணப் படம் அதில் ஒட்டிப் போயிருந்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள், நனைக்கவும் வேண்டாம். முதலில் இருக்கிறபடியே ஒரு பிரதி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜனவரியில் காய்ந்த ஒரு நாள் பார்த்து, அல்பத்தை நேர் வெயிலில் போடாமல் நிழலில் விரித்து வைத்து, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.